விருப்பமிருந்தால் எழுதவும்

பெயர் கேட்கவில்லை.
அடையாள அட்டை எண் கேட்கவில்லை.
ஒப்புதல் பக்கத்தில், தடித்த எழுத்தில்,
"நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது" என்று
நானேதான் தட்டச்சு செய்தேன்.
மேற்பார்வையாளர் அதில்
ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தினார்.

தாப்பா ரோட்டுக்கு உள்ளே, செம்பனைக் காட்டில்
மருந்தடிக்கும் பெண்களுக்கு முப்பத்தொரு கேள்விகள்.
கையுறை தருகிறார்களா?
காற்று எதிரே வீசினால் நிறுத்துவீர்களா?
தலைச்சுற்றல் உண்டா?
இணைப்பு வாட்சாப்பில் போனது.
கோயில் கமிட்டிக் குழுவில் யாரோ பகிர்ந்துவிட
மூன்று ஆண்களும் நிரப்பியிருந்தார்கள்;
கருவுற்றிருந்தபோது மருந்தடித்தீர்களா என்பதற்கு
ஒருவர் "சில சமயம்".

வெள்ளிக்கிழமை இரவு,
பாசார் மாலாமில் வாங்கிய அப்பாம் பாலேக் ஆறிக்கொண்டிருக்க
பதில்களை எக்செல்லில் இறக்கினேன்.
நான் கேட்காத நெடுவரிசைகள்
பத்திரிகை வைக்காத சொந்தங்களைப் போல்
முன்னால் வந்து உட்கார்ந்திருந்தன.
ஐபி முகவரி. கைப்பேசியின் வகை.
தொடங்கிய நேரம், முடித்த நேரம்.
அட்சரேகை, தீர்க்கரேகை
(அது தோராயம்தான். பாதிப் பேரை ஆற்றுக்குள் நிறுத்தியிருந்தது).

அமைப்புகளின் நான்காம் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான்.
அதைப் போட்டிருந்தால் எதுவும் பதிவாகியிருக்காது.
நான் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

அறுபத்திரண்டில் நாற்பத்தொரு பேருக்கு ஒரே ஐபி.
தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில்தான் இலவச வைஃபை,
கிராணி மேசைக்கு நேர் எதிரே.
அந்த நாற்பத்தொரு பேருக்கும் கையுறை கிடைக்கிறது.
காற்றும் அவர்களுக்கு எதிரே வீசுவதில்லை.

இன்னொருவர்
இரவு இரண்டு பதின்மூன்றுக்குத் தொடங்கியிருந்தார்,
சொந்த டேட்டாவில்.
வயது ஐம்பத்திரண்டு. இரண்டாம் டிவிசன்.
மருந்தடித்தது பத்தொன்பது ஆண்டு.
மூன்று கட்டத்தையும் கூட்டினால்
ஒரே ஆள்.
அவர் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்பதுவரை
எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு பெட்டி: "விருப்பமிருந்தால் எழுதவும்."
மற்றவர்கள் ஒரு புள்ளி வைத்தார்கள், அல்லது ஓகே.
அவர் எழுதியிருந்தார்,
ஆங்கில எழுத்தில் தமிழ், மூச்சுவிட இடமில்லாமல்:
மூணு தடவ தங்கல
நாலாவது ஏழு மாசம் இருந்துச்சு
பேரு வச்சிட்டோம்
பேரு இது.

சூராட் பெரானாக் இல்லாத பெயர்.
முதல் முறையாக எங்கேயோ பதிவாகியிருக்கிறது,
என் பதினான்கு அங்குலத் திரையில்.
விதி எனக்கு மனப்பாடம்.
திறந்த பதிலில் பெயர் வந்தால் நீக்குக.
நெடுவரிசைகளை ஒரே அழுத்தில் அழித்தேன்.
பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தேன்,
அதற்கு நேரம் பிடித்தது.
அங்கே இப்போது "பெயர் நீக்கப்பட்டது" என்றிருக்கிறது.

திங்களன்று உதவி மேலாளர் குணாளன் கூப்பிட்டார்.
தோட்டத்து நல்லதுக்குத்தானே,
டிவிசன் வாரியாகப் பிரித்துக் கொடுங்கள், போதும்.
மொத்தக் கணக்கு மட்டும்தான், சார், என்றேன்.
பத்துப் பேருக்குக் கீழே வந்தால் எண்ணைக்கூடக் காட்டமாட்டோம்.
அவர் சிரித்தார். நானும்.

பிறகு ஒருநாள் சீனன் கடையில்
சார்டின் டின்னோடு நின்றவர் கேட்டார்:
"சர்வே முடிஞ்சிச்சா?"
"முடிஞ்சிச்சிக்கா."
"எழுதுனதெல்லாம் படிச்சீங்களா?"
"கணக்குதாங்கா பாப்போம்."
அவர் முகத்தில் வந்தது நிம்மதியா, வேறா,
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

இங்கேயும் மாற்றியிருக்கிறேன்.
ஊர் தாப்பா ரோடு அல்ல, டிவிசன் இரண்டு அல்ல.
அவர் டின் வாங்கவில்லை, கடைக்காரர் சீனருமில்லை.
மணியையும் வயதையும் தேடிப் பயனில்லை.
அப்பாம் பாலேக் ஆறிப்போனது உண்மை.
அந்தப் பெயரும் உண்டு.