இருநூற்றுப் பதினோரு பார்வைகள்

இரவு பதினொன்றே கால்.
கீழ்வீட்டு மிஸ்டர் கோ இரண்டாம் முறை
மணியடித்துவிட்டுப் போகிறார்.
அவர் சமையலறைக் கூரையில்
என் வீட்டுத் தண்ணீர்
ஏதோ ஒரு தீவின் வரைபடம் வரைந்திருக்கிறதாம்.
கோபப்படவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறார்,
அது கோபத்தைவிட மோசம்.

ஞாயிறு இரவென்றால் நூற்றெண்பது வெள்ளி என்றார் குழாய்க்காரர்,
வந்து பார்ப்பதற்கு மட்டும்.
சிங்க் அடியில் வாளியை வைத்துவிட்டு
தரையில் உட்கார்ந்து தேடினேன்.

முதல் வீடியோ ஒரு மில்லியன் பேர் பார்த்தது.
வணக்கம் சொல்லவே ஒரு நிமிடம்.
பிறகு இசை, பிறகு அவர் சட்டை.
குழாய் வந்தபோது புத்தம் புதிதாய்
மேசைமேல் கிடந்தது.
ஒழுகாத குழாயிடம்
நான் என்ன கற்றுக்கொள்வது?

அடுத்தது சமையல் சோடாவும் வினிகரும்.
எதைக் கேட்டாலும்
சோடாவும் வினிகரும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.
மூன்றாமவர் சொன்னது சரிபோலத்தான் இருந்தது,
ஆனால் அவர் சுவரும் என் சுவரும்
வேறு வேறு நாடுகள்.

இருநூற்றுப் பதினோரு பேர் பார்த்த ஒன்று
அடியில் கிடந்தது.
முகமே இல்லை. இரண்டு கைகள்,
நகக்கண்ணில் கறுப்பு.
கைப்பேசியை எதிலோ சாய்த்திருக்கிறார், படம் கோணல்.
பின்னால் சன்னல் கம்பி, துணி காயும் மூங்கில் கழி.
அட, வீவக வீடு!
சுவா சூ காங்காகவே இருக்கலாம், இதே புளோக்காகவும்.
மலாய் பாதி ஆங்கிலம் பாதி பேசிக்கொண்டே
வாஷரை நழுவவிட்டார்.
அலாமாக், என்றார்.
அதை வெட்டாமல் விட்டிருந்தார்:
நாற்பது நொடி வெறும் தரை,
அவர் தேடும் சத்தம்.

அந்த நாற்பது நொடியில்தான் நம்பத் தொடங்கினேன்.
கோணல் படத்துக்கும் உண்மைக்கும்
என்ன சம்பந்தம் என்பாள் நூலகத்தில் வேலை பார்க்கும் இளங்கண்ணி.
எனக்கும் பதில் தெரியாது.

இடப்பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பினேன்.
பழைய வாஷர்
வாடிய வெங்காய வளையமாய்க் கையோடு வந்தது.
ரப்பர் கையுறையின் மணிக்கட்டை
வளையமாக வெட்டி மாட்டச் சொன்னார்.
"நாளை கடை திறக்கும்வரை தாங்கும்.
அதற்குமேல் என்னைக் கேட்காதே."
இதுவரை என்று
அந்த மில்லியன்காரர் எங்கேயும் சொல்லவில்லை.

வாளியில் சத்தம் நின்றது.
திரையின் கீழே நிமிர்ந்திருந்த கட்டைவிரல்மேல்
என் விரலை வைத்தேன்.
ஈரம். ஏற்கவில்லை.
சட்டையில் துடைத்து மறுபடி வைப்பதற்குள்
படம் தானாகவே அடுத்ததற்குத் தாவி
யாரோ வணக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்.