ஐந்து விரலுக்குச் சொல்லு

மல்லாவிச் சந்தியில் என் கடை.
தகரக் கூரை, ஒரு கதிரை, சத்தம் போடும் ஒரு காற்றாடி.
பின்னேரம் ரூபவதனியக்கா வந்தா,
ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் கலியாணமாம்.
“கால் நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூச எவ்வளவு?”
பலகையில் எழுதியிருந்ததைச் சொன்னேன்.
“அது பத்து விரலுக்கு. எனக்கு ஐந்துக்குச் சொல்லு.”

பாதிக்காசு என்று சொல்ல வாய் வரவில்லை,
முழுக்காசு என்றும்.
இடது காலை மடியில் எடுத்து வைத்தேன்.

தண்ணீரில் ஊறவைக்கவில்லை.
ஊறின நகம் விரியும், காய்ந்தால் சுருங்கும்,
மேலே நிற்கிற நிறம் வெடித்துப் போகும்.
கச்சான் தோட்டத்து மண்ணைப்
பழைய பல்லுத் தூரிகையால் தட்டி எடுத்தேன்.
ஒரே பக்கம் பார்த்து அராவினேன்.
வேர்த்தோலைப் பின்னுக்குத் தள்ளினேன், வெட்டவில்லை.
எண்ணெய்ப்பசை போக, பஞ்சில் ரிமூவர் தொட்டு ஒரு துடை.
“இனி ஒருத்தரும் தொடக்கூடாது” என்றேன்.
“கோயிலுக்கு முழுகினமாதிரி” என்றா.

அடிப்பூச்சு.
காத்திருந்தோம். ஒரு உழவு மெசின் போனது,
புழுதி வராமல் கதவைச் சாத்தினேன்.
மெல்லிசாய் ஒரு கை, காயவிட்டு இன்னொரு கை,
நகத்தின் நுனி விளிம்பையும் மூடி.
நாவற்பழ நிறம்.

பிறகு சேலையைக் கொஞ்சம் உயர்த்தி
மற்றக் காலையும் நீட்டினா. “இதுக்கும்.”

றப்பர்ப் பாதம்.
அச்சில் வார்த்த ஐந்து நகம்,
ஆரோ ஒருவரின் விரலைப் பார்த்துத்தான் செய்திருப்பினம்.
எண்ணெய் ஊறாது. வளராது.
வழுவழுப்பில் நிறம் பிடிக்காது,
அதுமட்டும் எனக்குத் தெரியும்.
அரத்தை எடுத்துப் பெருவிரலில் மெதுவாய் ஒரு தேய்.

“ஆ, கூசுது!”
வெடுக்கென்று காலை இழுத்தா.
அரம் கைநழுவி நிலத்தில் விழுந்தது.

கதவடியில் நின்ற மகள் வாயைப் பொத்தினாள்:
“சப்பாத்துக் கடையிலயும் இப்படித்தான் அன்ரி.”
அக்கா கதிரை ஆடச் சிரிச்சா.
எனக்குச் சிரிப்பு வர நேரம் பிடித்தது.
பத்து விரலுக்கும் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனா.

மூன்று கிழமையால் திரும்பி வந்தா.
இடது காலில் புதுநகம் பிறைபோல முளைத்து
நிறத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தது.
வலது காலில் பூசின அன்றைக்கு மாதிரியே,
பெருவிரலில் மட்டும் ஒரு கீறல்.
“இது கிடக்கட்டும்.
இண்டைக்கு ஐந்துக்குத்தான் காசு.”

“ஓமக்கா” என்றேன்.
“கூசினால் சொல்லுங்கோ.”