எட்டு விரற்கடை

ருஸ்தாவி சந்தையில் வண்டிகள்
தர்ப்பூசணிபோல் வெயிலில் கிடந்தன.
அப்பா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்,
கதவில் காது வைத்துக் கேட்டார்,
பழுத்தது எது என்று தெரிந்தவர் மாதிரி.

மாலைக்குள் இரண்டு மிஞ்சின.
ஒன்று வெள்ளை வேன். மூன்று வரிசை, ஏழு பேர்.
மற்றது சாம்பல் நிறம், நீண்ட பின்புறம், ஐந்து பேர்.
ஜெர்மனியில் யாரோ வளர்த்த நாய் அதில் பயணம் போனதற்கு
இருக்கைத் துணியில் சாட்சி இருந்தது.

நாங்கள் ஐந்து பேர்.
நான் நடுவில் பிறந்தவள்.
தெக்லா வந்த நாள் முதல் நடுவில் உட்காருபவள்,
ஜன்னல் இல்லாதவள்.
பழைய வண்டியின் தரையில் நடுவே ஒரு திமில்.
ஆறு வருஷமாக என் கால்கள்
அதன் இரு பக்கமும் இறங்கி
ஒன்றையொன்று பார்க்காமல் வளர்ந்தன.
இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய நிபுணர்
எங்கள் வீட்டில் கிடையாது.
யாரும் கேட்கவில்லை.

அப்பா அளவு நாடாவை இழுத்தார்.
"வேன், நாலு மீட்டர் எழுபது."
லாஷா போனில் குறித்துக்கொண்டான்.
"இது, நாலு தொண்ணூறு."
நீளமாக இருப்பது எப்படிச் சின்னதாக இருக்கும்
என்றாள் தெக்லா.
"உன் பெரியப்பா விருந்தில் எழுந்து நின்று சொல்வாரே வாழ்த்து,
அது மாதிரி" என்றாள் அம்மா.
சாம்பல் வண்டியின் பின்பகுதியில்
லாஷா நீட்டிப் படுத்துக் காட்டினான்.
திராட்சைக் கூடை நாலு கொள்ளும்,
இல்லையென்றால் ஒரு லாஷா.

நான் வேனின் மூன்றாவது வரிசைக்கு ஏறினேன்.
முழங்கால் தாடைக்கு வந்தது.
தலைக்கும் கூரைக்கும் நான்கு விரற்கடை.
ஆனால் தோளில் யாருமில்லை.
லாஷாவின் முழங்கை இல்லை,
தெக்லாவின் எச்சில் ஒழுகும் தூக்கம் இல்லை.
கையை விரித்தேன், காற்று.
ராஜாத்தி மாதிரி இருந்தது.
முன்னால் அப்பா என்னவோ சொன்னார். கேட்கவில்லை.
அம்மா பதில் சொன்னாள். அதுவும்.

நடு இருக்கைக்குக் கூலி ஒன்றுதான்,
முன்னிருக்கைகளுக்கு இடையே உள்ள சந்து.
போலந்து என்ற சொல்
அந்தச் சந்து வழியாகத்தான்
பிப்ரவரியில் என்னிடம் வந்தது.
கிடங்கு வேலை. இரண்டு வருஷம். செப்டம்பரில்.
நான் அப்போது
கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தேன்.
லாஷாவுக்கு இன்னும் தெரியாது.

சாம்பல் வண்டியில் முதலில் அப்பா உட்கார்ந்தார்.
ஒட்டடைக் கம்பு உயரம்.
இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி
"அடடா, கால் நீட்ட முடிகிறது" என்றார்.
அவருக்குப் பின்னால் இருந்த என் முழங்காலில்
இருக்கையின் முதுகு வந்து இடித்தது.
வலித்தது. சொல்லவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் வெளியே நின்றாள்.
பிறகு, "இறங்கு மல்காஸ்."
இறங்கினார்.
அவள் ஏறினாள். கால் பெடலுக்கு எட்டவில்லை.
கீழே கைவிட்டுத் துழாவி
ஏதோ ஒரு கம்பியைத் தூக்கி
டக், டக், டக் என்று
முன்னே போனாள்.
கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.
முதலில் அதில் வந்தது நான்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
எனக்குத் தெரியும் என்பது
அவளுக்கு அப்போது தெரிந்தது.

விற்பவர் சாவியை அப்பாவிடம் நீட்டினார்,
"ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்."
அப்பா வாங்கி, உள்ளங்கையில் எடை பார்த்து,
ஜன்னல் வழியே அம்மாவிடம் கொடுத்தார்.

என் முழங்காலுக்கு முன்னால் காலியிடம்.
விரல் வைத்து அளந்தேன்.
எட்டு விரற்கடை.
எந்த வண்டியிலும் எனக்கு
இவ்வளவு இடம் கிடைத்ததில்லை.

அப்பா குனிந்து, என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்,
காலையில் வண்டிகளைத் தட்டிய அதே விரலால்.
"வசதியாக இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்.
காலை நீட்டவில்லை.