நீங்கள்

செமாராங். கரும்பாலைப் புகை
வெள்ளை விரிப்புகளில் படியும் வீடு.
ஜாவா மொழியில் சோற்றுக்கே இரண்டு பெயர்:
எசமானுக்குப் பரிமாறும்போது ஒன்று,
அடுப்படியில் நின்று தின்னும்போது இன்னொன்று.
எனக்கு ஏழு வயது. வாகியெமை
நீ என்றுதான் கூப்பிடுவேன்.
அவள் எண்ணெய் தேய்த்த காலாலேயே
அவளை எத்தியும் இருக்கிறேன்.

காய்ச்சல் விட்ட ஒரு மதியம்
தண்ணீர் தேடி வெறுங்காலோடு போனேன்.
அடுக்களைத் தரையில் அம்மா.
ஹென்ட்ரிகா, ஹார்லெமில் பிறந்தவள்,
சம்மணம் போடத் தெரியாமல்
காலை ஒரு பக்கம் சாய்த்து
வாகியெமோடு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு.

"அழாதீர்கள்" என்றாள் அம்மா
சமையற்காரியிடம், அந்த உயர்ந்த மொழியில்.
"தூங்கும்போது உங்களைப் போலவேதான்
வாயைத் திறந்துகொள்கிறாள்."

என்னைக் கண்டதும்
வெங்காயம்தான், வேறொன்றுமில்லை என்று
இருவரும் கண்ணைத் துடைத்தார்கள்.

பிறப்புப் பதிவேட்டில் என் தாய் ஹென்ட்ரிகா.
அப்பா பெயர் மட்டும்
எந்தக் கதையிலும் மாறவில்லை.
அவரைப் பற்றி அவர்கள் பேசிக் கேட்டதே இல்லை.
உப்பு விலை பேசுவார்கள், மழையைப் பேசுவார்கள்,
ஒருத்திக்குத் தலைவலி என்றால்
மற்றவள் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துவாள்.

மறுநாள் சோறு வந்தது.
நாக்கைப் பழக்கி வைத்திருந்தேன்.
"நீங்கள் சாப்பிட்டீர்களா?"

வாகியெம் தட்டைக் கீழே வைக்கவில்லை.
வாசலைப் பார்த்தாள்.
அப்பாவின் பூட்ஸ் தாழ்வாரம் கடக்கும்வரை நின்றாள்.
பிறகு குனிந்து, மெல்ல:

"தப்பு, நொன்னி.
நீ என்று சொல்லுங்கள்."