வயர்லெஸ் அறையில் டெல்பின்

பதினோரு வருஷம் அவளுக்கு நான்தான் வாய்.
கண் இடப்பக்கம் போனால் ஆம்,
மேலே போனால் வேண்டாம்,
கழுத்து நரம்பு புடைத்தால் கோபம்.
வள்ளவிளையில் வேறு யாருக்கும் இந்தப் பாஷை தெரியாது.
அம்மைக்குப் பாதி தெரியும்.
அதனால் கடையில்
"இவளுக்கு ரெண்டு பரோட்டா" என்பேன்.
ஒன்று அவளுக்கு.
இன்னொன்று எங்கே போயிற்று என்று
கேட்க ஆளில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை
மார்த்தாண்டம் பஸ்ஸில்
டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் ஷீபா டீச்சர்.
நாற்காலியின் தலைச்சாய்வில்
புட்டுச்சில்லு அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் பொருத்தினார்.
திரையில் எழுத்துகள்.
அவற்றின் மேல் ஒரு மஞ்சள் வெளிச்சம்
வரிசை வரிசையாய் நடக்கும்.
வேண்டிய எழுத்துக்கு அது வந்ததும்
தலையால் இடிக்க வேண்டும்.
இடித்தாள். தப்பியது.
வெளிச்சம் மறுபடி அகரத்திலிருந்து புறப்பட்டது.
தூண்டில்காரனின் பொறுமை
எங்கள் வீட்டில் இவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது
என்று அன்றைக்குத் தெரிந்தது.

முதல் சொல்லுக்கு நாற்பது நிமிடம்.
அம்மை முந்தானையைத் தயாராய்ப் பிடித்திருந்தாள்,
அது தன்னைத்தான் கூப்பிடும் என்று.
"ஃபேன்" என்றது டேப்லெட்.
போட்டோம்.

சிக்கல் குரலில்.
உள்ளே இருந்தவள்
வானிலை அறிக்கை வாசிக்கிறவள் மாதிரி.
'வெள்ளம்' என்று இவள் தாகத்துக்கு எழுதினால்
அடுத்த சொல்லாக 'நிவாரணம்' நீட்டுவாள்.
'எனக்க' என்றால் 'எனக்கு' என்று திருத்துவாள்.
திருத்தியதை அழிக்க ஐந்து இடி,
மறுபடி எழுத ஒன்பது.
சமூக அறிவியல் பரீட்சைக்கு அந்தக் குரல் போதும்:
முப்பத்தேழு மார்க்.
(கூடுதல் நேரம் கேட்டு டீச்சர் மூன்று மனு எழுதினார்.)
வீட்டில் சண்டை போட அது காணாது.

அப்பா ஆழ்கடலுக்குப் போய் நாற்பது நாள்.
கோயில் பக்கத்து அறையில் வயர்லெஸ் உண்டு.
எட்டாத தூரத்துக்குப் பேச்சு
படகு படகாய்ப் போகும்.
ஞாயிறு பூசை முடிந்து டெல்பினைத் தள்ளிக்கொண்டு போனேன்.
மைக்கை டேப்லெட்டின் பக்கம் பிடித்தேன்.
ராத்திரியே எழுதி வைத்திருந்தாள்,
திருத்தலுக்குச் சலித்து, அச்சுத் தமிழில்.
என்னிடம் காட்டவில்லை.

"அப்பா, கேட்கிறதா?"

முதல் படகு பதறியது.
"காத்தா? எந்தப் பக்கம்? எத்தன மைலு?"
"இல்ல ஓய், கிலாரிக்க மவளாக்கும்."
கொஞ்ச நேரம் இரைச்சல்.
"ஆரு, அந்தப் பேசாத்த பிள்ளையா?"
"இப்ப பேசும்."

டெல்பின் இடித்தாள்.
"என் அண்ணன் பொய் சொல்கிறான்.
என் பெயரில் பரோட்டா தின்கிறான்."

பொத்தானிலிருந்து விரலை எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.

முதல் படகு இரண்டாவதுக்கு:
"கிலாரிக்க மவன் கள்ளம் பறையுதானாம்."
இரண்டாவது மூன்றாவதுக்கு, சிரிப்பை அடக்கமாட்டாமல்:
"அவளுக்க பரோட்டாவ அவன் தின்னுதானாம் லே."
அந்தோணியடிமையின் கரகரப்பில்,
ததேயூஸின் திக்கலில்,
அதற்கும் அப்பால் யாரோ ஒருவனின் மலையாளத்தில்
அவள் வாக்கியம் மேற்கே போய்க்கொண்டிருந்தது.
அங்கே திருத்த ஆளில்லை.
இனி எந்தத் துறைமுகத்திலும்
எனக்கு மரியாதையும் இல்லை.

பதில் அதே வழியில், நாலு வாய் மாறி, வந்தது:
"எத்தன வருஷமா மக்ளே?"

மஞ்சள் வெளிச்சம் முதல் வரிசையிலிருந்து கிளம்பியது.
அரபிக்கடலில் நாலு படகு
வேறு பேச்சில்லாமல் காத்துக் கிடந்தது.

ப.

பதில் எனக்குத் தெரியும்.
எல்லாரையும் விட எனக்குத்தான் தெரியும்.
'நான் சொல்லட்டுமா' என்று
தொண்டை வரைக்கும் வந்தது.
அவள் கண் மேலே போயிற்று.

வாயை மூடிக்கொண்டேன்.

தி.