வருது

மதுரையில் தைத்து முடித்து ஒன்றரை வருடம்.
"வழி சரி பண்ணியாச்சு" என்றார் சர்ஜன்.
வழி இருந்தால் போதுமா,
வருகிறது என்று யார் சொல்வது
ஏழு வயதுக்காரனுக்கு?

செக்காலை ரோட்டில், மருந்துக்கடை மாடியில்,
ஜெசிந்தா பிசியோ.
முதல் நாள் பையனைத் தொடவே இல்லை.
என்னைப் பார்த்து, "நீங்க அடக்குங்க" என்றார்.
"மூச்சைப் பிடிக்காம, வயித்தை இறுக்காம,
அங்கே மட்டும். அஞ்சு எண்ணி விடுங்க."
நாற்பத்தொரு வருடம் என்னோடிருக்கும் தசை
எங்கே என்று தெரியவில்லை.
புருவத்தை இறுக்கினேன்.
தர்ஷித் சிரித்தான்.

அப்புறம் அவன் முறை.
இடுப்புக்குக் கீழே இரண்டு ஒட்டு, ஒயர்,
திரையில் ஒரு மீன்.
இறுக்கினால் மேலே போகும்,
விட்டால் மணலுக்கு இறங்கணும்.
போனது போனதுதான், இறங்கவே இல்லை.
"அடக்குறது நல்லா வருது இவனுக்கு.
ஸ்கூல்ல அதைத்தானே செஞ்சிட்டிருந்தான்.
விடத்தான் தெரியல."

எனக்கு வேலை முனீஸ்வரன் கோயில் தெருவில்,
பழைய சாமான் கடை.
தூண், நிலை, பீங்கான், யார் யாரோ படம்.
கதவு அறுத்ததில் மிஞ்சிய பர்மாத் தேக்கில்
கால் வைக்க ஒரு மணை அடித்தேன், ஒன்பது அங்குலம்.
உட்கார்ந்தால் முட்டி இடுப்புக்கு மேலே நிற்கணுமாம்.
ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த மரம்
எங்கள் கக்கூசில் கிடக்கிறது.
முதலாளியிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டு இருபதாவது நிமிடம் உட்காரணும்.
முக்கக் கூடாது,
காகிதக் காற்றாடியை ஊதணும்.
கதவுக்கு இந்தப் பக்கம் நானும் கலைவாணியும்
காற்றாடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு
கரண்டு பில்லைப் பற்றிப் பேசுவோம்.

நேற்று ஞாயிறு, மூன்று மணி.
கொச்சிக்காரர் ஒருவர் நிலைக்கதவுக்குப் பேரம்.
போன். கலைவாணி, குரலைத் தாழ்த்தி:
"கேரம் ஆடிட்டிருந்தவன் எந்திரிச்சு வந்தான்.
வருதுன்னான்."
வந்ததா என்றேன்.
"அதைக் கேக்காதீங்க.
வருதுன்னு சொன்னான்."

முதலாளி கடையில் இல்லை.
மூவாயிரம் குறைத்துவிட்டேன்.

இன்று பள்ளிக்கூடத்திலிருந்து
பையில் இருந்த இரண்டாவது டவுசரில் வந்தான்.
ஜெசிந்தா கோடு போட்டுக் கொடுத்த தாளில்
அதையும் எழுதணும். எழுதினேன்.
அதற்கு மேல் கட்டத்தில், பென்சிலில்,
அவனே பெரிதாக எழுதியிருக்கிறான்
'வ' என்று.
மீதிக்குக் கட்டம் போதவில்லை.