வெளியாள் உதவி

ஜூனில் வோரு நகரத்துக்கு இருட்டத் தெரியாது.
பத்தரைக்கு ஒப்புக்குக் கண் மூடும் சூரியன்
நாலு மணிக்குள் எழுந்து உட்கார்ந்துவிடும்.
லீஸியும் அப்படித்தான்.
சன்னலுக்குக் கம்பளி, கம்பளிமேல் கறுப்புக் குப்பைப் பை,
எல்லாம் ஒட்டிப் பார்த்தாயிற்று.
எட்டு மாதக் கண்ணுக்கு ஊசித் துளை போதும்.

விடிந்ததும் கூட்டிப் பார்த்தேன்:
தூங்கியது இரண்டே முக்கால் மணி நேரம்,
அதுவும் மூன்று தவணையில்.

தமுலா ஏரிக்கரையில் ஒரு பெண்
என் முழங்கைக்கு மேலே தடித்த பேனாவால்
81 என்று எழுதினாள்.
கெண்டைக்காலில் எழுத வயது கேட்டாள்.
முப்பத்தாறு என்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.
பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.

நானூறு மீட்டர் நீச்சல்.
யாரோ தோளில் உதைத்தார்கள், யாரோ குதிகாலைப் பிடித்தார்கள்.
பழக்கம்தான்,
எங்கள் கட்டிலில் நான்கு பேர் படுக்கிறோம்.
ஆனால் தலையை உள்ளே விட்டதும்
தேநீர் நிறத் தண்ணீர்,
எம்மே என்று கூப்பிட ஒருவரும் இல்லை.
இரண்டாவது மிதவையை வேண்டுமென்றே அகலமாகச் சுற்றினேன்.
டார்மோவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சைக்கிளில் குழந்தை இருக்கையைக் கழற்ற மறந்திருந்தோம்.
பட்டை மாட்டியபடியே
பதினைந்து கிலோமீட்டருக்குக் காற்றை உட்கார வைத்து ஓட்டினேன்.
மேட்டில் ரொட்டித் துணுக்குகள் ஒவ்வொன்றாய்ப் பறந்தன.
முந்திப் போனவன் ஒருவன்
"பயணி எங்கே?" என்றான்.
பதில் சொல்ல மூச்சில்லை.
மின்கம்பத்துக் கூட்டில் ஒரு நாரை
நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது.
பொறாமை.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் பால் கட்டத் தொடங்கியது.
கடிகாரம் பொய் சொல்லலாம், மார்பு சொல்லாது:
ஒன்பதே முக்கால்.

ஓட்டக் காலணிக்குக் குனிந்தபோது
கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் குரல்.
பசிக்கு ஒரு குரல் உண்டு, தூக்கத்துக்கு ஒரு குரல்.
இது இரண்டும் சண்டையிடும் மூன்றாவது.
டார்மோ கையில் புட்டி, அவள் சீண்டாத புட்டி.
மூத்தவன் யோசெப் மணலில் எங்கோ, ஒற்றைச் செருப்போடு.

கயிற்றுக்கு மேலே கை நீட்டி வாங்கினேன்.
ஜிப்பை இறக்கி, சொட்டச் சொட்ட,
சக்கரத்துக்குப் பக்கத்தில் சப்பணமிட்டேன்.

நடுவர் ஊர்மாஸ் வந்தார்,
மற்ற நாட்களில் மரக்கடையில் பலகை அறுப்பவர்.
விதிப் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார்:
"போட்டியாளர் வெளியாள் உதவி பெறக் கூடாது."
"பெறவில்லை," என்றேன், "கொடுக்கிறேன்."
மறுபடி புரட்டினார்.
கொடுப்பது பற்றி ஒரு வரியும் இல்லை போல.
"தவிர, இவள் வெளியாளும் இல்லை.
போன அக்டோபர் வரை உள்ளே இருந்தவள்."

புத்தகத்தை மூடினார்.
ஏரிக்காற்று வரும் பக்கமாகப் போய்
முதுகு காட்டி நின்றுகொண்டார்.
கடிகாரத்தை நிறுத்தவில்லை.

ஆறு நிமிடம் இருபது நொடி.
அதில் கடைசி ஒரு நிமிடம்
நான் தூங்கியிருக்க வேண்டும்.
விழித்தபோது ஒலிபெருக்கி யார் பெயரையோ சொல்ல
எல்லோரும் கைதட்டினார்கள்.
எனக்கென்றே நினைத்துக்கொண்டேன்.

நான்கு கிலோமீட்டர் ஓட்டம் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
கால்கள் இரவல் வாங்கியவை.
இரண்டு பிரசவத்துக்குப் பிறகு ஓடினால் எது கசியுமோ
அதுவும் கசிந்தது.
எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள்,
அதில் ஒருவர் நொண்டியபடி.

காகிதக் கோப்பையில் பட்டாணி சூப் தந்தார்கள்.
அப்போதுதான் டார்மோ காட்டினான்:
லீஸியின் கன்னத்தில் மை.
என் கையில் அழுந்திக் கிடந்த கன்னம்.
81 புரண்டு ஒட்டி 18 ஆகியிருந்தது.

பலகையில் போய்ப் பார்த்தோம்.
பதினெட்டாம் எண்: வரவில்லை.

"துடைத்துவிடவா?" என்றான்.
தொடாதே என்றேன்.
ஒலிபெருக்கிக்குக் கீழே, உச்சி வெயிலில்,
கம்பளி இல்லாமல், பை இல்லாமல்
தூங்குகிறாள்.